கைமின்விளக்கின் கதை



தெருவெங்கும் மின்விளக்கு எரியும் ஊர்களில் வாழும் நமக்கு, உண்மையான இருட்டு எப்படி இருக்கும் என்பதே மறந்துபோய்விட்டது. சாரணர் படையிலோ தேசிய மாணவர் படையிலோ சேர்ந்து, மலையடிவாரத்தில் கூடாரம் அடித்து இரண்டு மூன்று இரவுகள் தங்கச் செல்லும் மாணவன்தான் அதை மறுபடியும் சந்திக்கிறான். பகலில் கூப்பிடு தூரத்தில் இருந்த நீரோடை இரவில் எங்கோ விலகிப் போய்விடுகிறது. கூடாரத்தின் கயிறு காலை இடறுகிறது. பகலில் வெறும் சருகாகக் கிடந்தது இரவில் சலசலக்கிறது. அப்போது அவன் கையில் இருக்கவேண்டிய பொருள் ஒன்று உண்டு. அதுவே கைமின்விளக்கு, டார்ச் என்று நாம் வழங்கும் அந்தச் சிறு கருவி.

இதனை ஆடம்பரப் பொருள் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். இந்தியாவில் பாம்புக்கடியால் நேரும் மரணங்களைப் பற்றிய ஆராய்ச்சி ஒன்று 2020-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. 2000 முதல் 2019 வரையிலான இருபது ஆண்டுகளில் ஏறத்தாழ 12 இலட்சம் பேர், அதாவது ஆண்டுக்குச் சராசரி 58,000 பேர், நம் நாட்டில் இவ்வாறு உயிர் இழந்தனர் என்று அது மதிப்பிட்டது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். கட்டுவிரியன் இரவில் இரை தேடும் பாம்பு. தரையில் படுத்து உறங்குவோரை அது தீண்டிவிடுகிறது. பல வேளைகளில் அந்தக் கடியில் வலிகூடத் தெரிவதில்லை. கண்ணாடி விரியனோ சருகோடு சருகாய்க் கிடக்கும். இரவில் நடப்போர் காலடியில் ஒளி பாய்ச்சிப் பார்த்து நடக்க வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துவது இதனால்தான். ஆகவே, நல்ல கைவிளக்கு ஒன்று எளியவர் கைக்கும் எட்டுவது உயிரைக் காக்கும் செய்தியாகும்.

முகாமுக்குப் புறப்படும் மாணவனின் சட்டைப்பையில் பணம் கொஞ்சமாகவே இருக்கும். கடையிலோ விளக்குகள் நூறு வகை. எதனை வாங்குவது? இக்கேள்விக்கு விடையை விளம்பரத்தில் தேடுவதைவிட வரலாற்றில் தேடுவது நலம். இந்த விளக்கு பிறந்த நாள்முதல் அதன் குறைகள் ஒவ்வொன்றாய்த் தீர்க்கப்பட்டு வந்திருக்கின்றன. எந்தக் குறை எவ்வாறு தீர்ந்தது என்று அறிந்தவன், கடையில் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதையும் அறிந்துகொள்வான்.

மின்சாரம் வருவதற்கு முன்பு இரவில் வழிநடந்தோர் தீப்பந்தம் ஏந்திச் சென்றனர். ஆங்கிலேயர் கைமின்விளக்கை டார்ச் என்று அழைப்பதும் அந்தப் பந்தத்தின் நினைவாகவே. அச்சொல்லுக்குப் பந்தம் என்பதே பழைய பொருள். பின்னர் மெழுகுவர்த்தி வைத்த லாந்தர் வந்தது. மண்ணெண்ணெயால் எரியும் அரிக்கேன் வந்தது. அரிக்கேனின் கண்ணாடிக் கூண்டு காற்றைத் தடுத்தது. ஆனால் நெருப்பு நெருப்பாகவே இருந்தது. வைக்கோற் போர் அருகே அதனைக் கொண்டு செல்ல முடியாது. துணிக் கூடாரத்துக்குள் அது கவிழ்ந்தால் தீ. கவிழாவிட்டாலும் காற்றோட்டமில்லாத இடத்தில் அதன் புகையும் கண்ணுக்குத் தெரியாத நச்சுக்காற்றும் உறங்குவோரைக் கொல்லும். நெருப்பில்லாத ஒளி வேண்டும் என்ற விருப்பம் இவ்வாறு பிறந்தது.

1800-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் வோல்ட்டா, தொடர்ந்து மின்னோட்டம் தரும் முதல் மின்கலத்தை உலகுக்கு அறிவித்தார். 1866-இல் பிரெஞ்சுப் பொறியாளர் லெக்லான்ஷே, துத்தநாகம், கரி, மாங்கனீஸ் டை ஆக்ஸைடு ஆகியவற்றை நவச்சார நீரில் சேர்த்து ஒரு கலம் செய்தார். தந்தி நிலையங்களுக்கு அது மிகவும் உதவிற்று. ஆனால் கண்ணாடிச் சாடியில் நீர் தளும்பிக்கொண்டிருக்கும் கலத்தைக் கையில் எடுத்துக்கொண்டு யார் காட்டுக்குப் போக முடியும்? 1886-இல் ஜெர்மானியரான கார்ல் காஸ்னர் என்பவர் அந்த நீரைப் பாரிஸ் சாந்தோடு குழைத்துப் பசையாக்கினார். துத்தநாகத் தகட்டையே குவளையாக வளைத்து, பசையை அதனுள் அடைத்து மூடினார். சாய்த்தாலும் சிந்தாத உலர்மின்கலம் அன்று பிறந்தது. பத்தாண்டுகளில், 1896-இல், அமெரிக்க நிறுவனமாகிய நேஷனல் கார்பன் கம்பெனி உலர்மின்கலத்தைப் பெருவாரியாகச் செய்து விற்கத் தொடங்கியது.

காஸ்னரின் கலத்தில் ஒரு நுட்பம் உண்டு. மாணவர்கள் அதனை மறக்கலாகாது. அங்கே துத்தநாகம் கொள்கலமாகவும் இருக்கிறது, எரிபொருளாகவும் இருக்கிறது. விளக்கு எரிய எரியக் குவளையின் சுவர் கரைந்து மெலிகிறது. தீர்ந்துபோன கலத்தை விளக்கினுள்ளேயே விட்டுவைத்தால், ஒருநாள் அச்சுவர் ஓட்டையாகி உள்ளிருக்கும் பசை கசிந்து விளக்கையே அரித்துவிடும். நம் வீடுகளில் பழுதாகிக் கிடக்கும் பழைய டார்ச்சுகளில் பல இவ்வாறு மாண்டவையே.

இனி விளக்கின் பிறப்புக்கு வருவோம். மின்ஸ்க் நகரத்திலிருந்து பிழைப்புத் தேடி நியூயார்க் வந்து சேர்ந்த கான்ராட் ஹியூபர்ட் என்பவர் அங்கே மின்சாரப் புதுமைப் பொருள்கள் விற்கும் நிறுவனம் ஒன்றை நடத்தி வந்தார். அதனோடு தொடர்புகொண்டிருந்த டேவிட் மிசெல் என்ற ஆங்கிலேயர், உலர்மின்கலங்களை ஒன்றன்பின் ஒன்றாக ஒரு குழாயில் அடுக்கி, ஒரு முனையில் சிறு பல்பும் அதன் பின்னே பித்தளை எதிரொளிப்பானும் பொருத்தி ஒரு விளக்குச் செய்தார். 1899 ஜனவரி 10-ஆம் நாள் அதற்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. உரிமை ஹியூபர்ட்டின் நிறுவனத்துக்குச் சென்றது. குழாய், வரிசையாகக் கலங்கள், முனையில் பல்பு, பக்கத்தில் விசை என்ற அந்த வடிவம் இன்றளவும் பெரிதும் மாறவில்லை. நியூயார்க் நகரக் காவலர்களுக்கு ஹியூபர்ட் அவ்விளக்குகளுட் சிலவற்றை வழங்கினார். அவர்கள் புகழ்ந்து சொல்லவே, விளக்கின் பெயர் பரவியது.

அமெரிக்கர் இதற்கு இட்ட பெயர் பிளாஷ் லைட் என்பது. மின்னி மறையும் விளக்கு என்று அதற்குப் பொருள். ஏன் அப்படி ஒரு பெயர்? அந்நாளைய விளக்கால் தொடர்ந்து எரிய முடியவில்லை; அதுதான் காரணம். பல்புக்குள் இருந்தது கரியிழை. அது பெரும் மின்னோட்டத்தை விழுங்கிச் சிறிது ஒளியையே கொடுத்தது. கலத்திலிருந்து பெரும் மின்னோட்டம் எடுத்தால், உள்ளே வேதிமாற்றத்தின் கழிவுகள் தேங்கி அழுத்தம் விழுந்துவிடும்; சற்றே ஓய்வு கொடுத்தால் மீண்டும் எழும். ஆகவே, விசையை ஒரு நொடி அழுத்துவதும், பார்த்துக்கொண்டு விட்டுவிடுவதுமாகவே அன்று அதனைப் பயன்படுத்தினர்.

இக்குறை எவ்வாறு தீர்ந்தது? கலத்தைப் பெரிதாக்கினால் கை தாங்காது. அறிஞர்கள் செலவைக் குறைக்கும் வழியைத் தேடினர். 1904-இல் யூஸ்ட், ஹனமான் என்ற இருவர் டங்ஸ்டன் என்னும் உலோகத்தால் இழை செய்தனர். அது எளிதில் ஒடிந்தது. 1910-ஆம் ஆண்டளவில் வில்லியம் கூலிட்ஜ் என்ற அமெரிக்கர் டங்ஸ்டனை ஒடியாத மெல்லிய கம்பியாக இழுக்கும் வழியைக் கண்டார். கரியிழையைவிடப் பன்மடங்கு சிக்கனமான அந்த இழை வந்தபின், மின்னி மறைந்த விளக்கு நின்று எரியலாயிற்று. பெயர் மட்டும் பழையபடியே நிலைத்துவிட்டது. கையாள் பலம் மிகுந்ததால் மட்டும் குடும்பம் செழிப்பதில்லை. வீண் செலவு குறைந்தாலும் செழிக்கும். கைவிளக்கின் வரலாறு முழுவதும் அத்தகைய சிக்கனத்தின் வரலாறே.

அடுத்த பாடத்தைப் போர் கற்பித்தது. 1939 செப்டம்பர் முதல் நாள் இங்கிலாந்தில் இருட்டடிப்பு நடைமுறைக்கு வந்தது. தெருவிளக்குகள் அணைக்கப்பட்டன, சன்னல்களுக்குக் கறுப்புத் திரை இடப்பட்டது. வாகனங்கள் மோதியும் தடுக்கி விழுந்தும் மக்கள் மடிந்தனர். கைவிளக்கு எடுத்துச் செல்ல அனுமதி உண்டு. ஆனால் அதன் முகத்தை மெல்லிய தாளால் மூடி ஒளியை மங்கச் செய்து, நிலத்தை நோக்கியே பிடிக்க வேண்டும். எல்லோரும் விளக்குத் தேடி ஓடவே, எட்டாம் எண் பாட்டரி என்று அங்கே வழங்கிய சிறு கலம் கடைகளில் கிடைக்காமற் போயிற்று. விளக்கு உண்டு, கலம் இல்லை. ஜெர்மானியர் பிடியில் இருந்த ஹாலந்திலோ, கலமே வேண்டாத விளக்கை மக்கள் நாடினர். பிலிப்ஸ் நிறுவனம் செய்த அவ்விளக்கின் பிடியைக் கையால் அமுக்கி அமுக்கி விட்டால், உள்ளிருக்கும் சிறு டைனமோ சுழன்று ஒளி தரும்.

இதிலிருந்து இரண்டு உண்மைகள் புலப்படுகின்றன. தாளால் மூடிய மங்கல் ஒளியைக் கொண்டே ஒரு நாட்டு மக்கள் ஆண்டுக்கணக்காகத் தெருவில் நடந்தார்கள் எனின், கால்வழி காண வேண்டிய ஒளி நாம் நினைப்பதைவிடக் குறைவு என்பது ஒன்று. கலம் கிடைக்காத விளக்கு, எவ்வளவு உயர்ந்ததாயினும், வெறும் குழாயே என்பது மற்றொன்று.

நம் நாட்டில் எவரெடி நிறுவனம் 1939-இல் கல்கத்தாவிலும் 1952-இல் சென்னையிலும் பாட்டரித் தொழிற்சாலைகளை அமைத்தது. 1958-இல் லக்னோவில் கைவிளக்குகள் செய்யும் தொழிற்சாலை எழுந்தது. அதன்பின் டார்ச் கிராமத்துக் குடியானவனின் துணையாயிற்று. இரவில் வயலுக்கு மடைதிறக்கப் போகிறவன் அதனைத் தோளில் மாட்டிச் சென்றான். நம் மக்கள் விளக்கை அதன் விலையால் சொல்லவில்லை. ‘இரண்டு கட்டை லைட்டு’, ‘மூன்று கட்டை லைட்டு’ என்று அதில் இடும் கலங்களின் எண்ணிக்கையால் சொன்னார்கள். கட்டை என்பது பாட்டரிக்கு அவர்கள் வைத்த பெயர். விளக்கை ஒருமுறை வாங்கினால் போதும். கட்டையை வாழ்நாள் முழுதும் வாங்க வேண்டும் என்ற உண்மை அந்தப் பெயரிலேயே இருக்கிறது அன்றோ?

இழை விளக்கின் ஆட்சி எண்பது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. ஆனால் அதற்கும் ஒரு பெருங்குறை இருந்தது. இழையைப் பழுக்கக் காய்ச்சி ஒளி பெறும்போது, செலவாகும் ஆற்றலில் பத்தில் ஒரு பங்குகூட ஒளியாவதில்லை. எஞ்சியதெல்லாம் வெப்பமாகிப் போகிறது. குறைக்கடத்திப் பொருள்களில் மின்சாரத்தைச் செலுத்தினால், காய்ச்சாமலேயே ஒளி பிறக்கும் என்று அறிஞர்கள் கண்டனர். 1962-இல் நிக் ஹோலோன்யாக் என்பவர் கண்ணுக்குத் தெரியும் சிவப்பு ஒளியை இவ்வழியில் பெற்றார். எல்.இ.டி. என்று இன்று நாம் சொல்வது இதையே. சிவப்பு வந்தது, பச்சையும் வந்தது, நீலம் மட்டும் முப்பது ஆண்டுகள் போக்குக் காட்டியது. நீலம் இல்லாமல் வெள்ளொளி இல்லை. ஜப்பானிய அறிஞர்கள் அகாசாகி, அமானோ, நாகாமுரா ஆகியோரின் விடாமுயற்சியால் அதுவும் கைவந்தது. 1993-இல் நாகாமுராவின் பிரகாசமான நீல ஒளி வெளியாயிற்று. அந்த நீலத்தின்மேல் மஞ்சளாய் ஒளிரும் பூச்சு ஒன்றை இட்டு வெண்மை பெற்றனர். அம்மூவருக்கும் 2014-ஆம் ஆண்டு பௌதிகத்துக்கான நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இவ்வெற்றியின் அளவை ஒரு கணக்கால் காண்போம். விளக்கு வெளிவிடும் மொத்த ஒளியை லூமென் என்ற அலகால் அளப்பர். கரியிழை ஒரு வாட்டு ஆற்றலுக்கு ஏறத்தாழ 3 லூமென் தந்தது. இன்றைய எல்.இ.டி. எளிதாக 100 லூமென் தருகிறது. மறுபடி மின்னேற்றக்கூடிய சிறிய கட்டை ஒன்றின் அழுத்தம் 1.2 வோல்ட்டு, அதன் கொள்ளளவு 2,000 மில்லி ஆம்பியர்-மணி, அதாவது 2 ஆம்பியர்-மணி என்று கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 2.4 வாட்-மணி, இரண்டு கட்டைகளுக்கு 4.8 வாட்-மணி. இதில் கால் பங்கு வழியில் வீணானாலும் 3.6 வாட்-மணி எஞ்சும். அதனைக் கொண்டு 30 லூமென் ஒளியை 12 மணி நேரம் பெறலாம். அதே இரண்டு கட்டைகள் முழுப்பயன் தந்தாலும், கரியிழை விளக்கு அதே ஒளியை அரைமணி நேரம்கூடத் தராது. நொடிக்கு நொடி மின்னிய விளக்கு, மாலை முதல் விடியல் வரை எரியும் விளக்காகிவிட்டது. எளிய மாணவனுக்கு வரலாறு கொடுத்த பரிசு இது.

ஆனால் பரிசு வந்த இடத்தில் பசப்பும் வந்தது. சிறு விளக்கின் பெட்டிமேல் ‘10,000 லூமென், பல மணி நேரம்’ என்று அச்சிட்டு விற்போர் உண்டு. இப்போது நாம் கற்ற கணக்கே இதனைச் சோதிக்கப் போதும். உள்ளே இருப்பது ஒரே ஒரு லித்தியம் கலம், 3.6 வோல்ட்டு, 3 ஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 10.8 வாட்-மணி. வாட்டுக்கு 100 லூமென் வீதம், 10,000 லூமெனுக்கு 100 வாட்டு வேண்டும். அப்படியானால் விளக்கு ஆறரை நிமிடத்தில் அணைந்துபோகும். அந்த ஆறரை நிமிடமும் கையில் பிடிக்க முடியாதபடி அது கொதிக்கும். பல மணி நேரம் என்பது எங்கே? ஆற்றலை எவரும் ஏமாற்ற முடியாது, ஏமாறுவது வாங்குபவனே. 3,000 அல்லது 4,000 மில்லி ஆம்பியர்-மணிக்குமேல் கொள்ளாத கலத்தின்மேல் 9,900 என்று அச்சிட்டிருந்தால், அக்கலத்தைத் தொடாமல் விடுவதே அறிவுடைமை. போலி லித்தியம் கலம் தீப்பற்றவும் கூடும்.

இத்தகைய குழப்பத்தைத் தீர்க்கவே 2009-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கைவிளக்குகளுக்கெனப் பொது அளவுமுறை ஒன்று வகுக்கப்பட்டது. அதனைப் பின்பற்றும் பெட்டிகளில் ஒளியளவு, எட்டும் தூரம், எரியும் நேரம், நீர் தாங்கும் திறன் ஆகியவை குறிக்கப்படும். எட்டும் தூரம் என்பது, தெளிந்த வானில் முழுநிலவு தரும் அளவுக்கு, அதாவது கால் லக்ஸ் அளவுக்கு, ஒளி தேய்ந்துவிடும் தூரம். அத்தூரத்தில் ஆள் நிற்பது தெரியலாம். ஆள் இன்னார் என்று தெரியாது. தூரம் இருமடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகும் என்ற விதியைப் பள்ளியிலேயே படிக்கிறோம். 100 மீட்டர் எட்டுவதற்கு 2,500 காண்டெலா செறிவு போதும். 200 மீட்டர் எட்டுவதற்கோ 10,000 காண்டெலா தேவை. தூரத்தைத் துரத்துகிறவன் நான்கு மடங்கு விலை கொடுக்கிறான். எரியும் நேரம் என்பதும் கூர்ந்து நோக்கத்தக்கது. தொடக்க ஒளி பத்தில் ஒரு பங்காகக் குறையும் வரையுள்ள நேரம் அது. 20 மணி நேரம் என்று அச்சிட்டிருந்தால், முழு ஒளியுடன் 20 மணி நேரம் எரியும் என்று பொருளன்று.

இனி, முகாமுக்குச் செல்லும் மாணவன் கடையில் கேட்க வேண்டிய கேள்விகளை வகுத்துக்கொள்வோம்.

முதற்கேள்வி, எவ்வளவு ஒளி என்பது. கூடாரத்துக்குள் படிக்கவும் பொருள் தேடவும் 10 லூமென் போதும். ஒற்றையடிப் பாதையில் நடப்பதற்கு 50 முதல் 100 வரை போதும். வழி தவறியவரைத் தேடவோ தொலைவில் நோக்கவோ 200 அல்லது அதற்கு மேல் வேண்டும். அதுவும் சில நிமிடங்களுக்கே. ஆகவே ஒளியைக் குறைக்கவும் கூட்டவும் வசதியுள்ள விளக்கே நமக்கு ஏற்றது. எப்போதும் முழு ஒளியோடு மட்டும் எரியும் விளக்கு, வேலை இல்லாதபோதும் ஓடிக்கொண்டிருக்கும் இறைப்பு இயந்திரத்தைப் போன்றது. மங்கல் ஒளியில் மற்றொரு நன்மையும் உண்டு. இருட்டில் நம் கண் முழுப்பார்வை பெற அரைமணி நேரம் ஆகும். ஒரு பெரும் ஒளி அதனை நொடியில் கெடுத்துவிடும். படைவீரரும் வானநூலாரும் இரவில் சிவப்பு ஒளியைப் பயன்படுத்துவது இதனாலேயே.

இரண்டாவது, எவ்வளவு நேரம் என்பது. மூன்று இரவு முகாம். இரவுக்கு இரண்டு மணி நேரம் விளக்கு எரியும் எனில் 6 மணி நேரம். வழி தவறினால், மழை பிடித்துக்கொண்டால், நண்பன் நோயுற்றால் என்று எண்ணி மற்றொரு 6 மணி நேரம் கையிருப்பு வேண்டும். ஆக, நடக்கப் போதிய ஒளியில் 12 மணி நேரம் எரியக்கூடிய விளக்கும் கலமும் தேவை.

மூன்றாவது, எந்தக் கட்டை என்பது. இருட்டடிப்புக் காலத்துப் பாடத்தை இங்கே நினைக்க வேண்டும். மலையடிவாரத்துப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும் கட்டையை ஏற்கும் விளக்கு நமக்கு நல்லது. சுவரில் செருகி மின்னேற்றும் விளக்குகள் வீட்டில் நன்மை தரும். காட்டில் சுவர் ஏது? கலம் உள்ளேயே பூட்டப்பட்டு, அது தளர்ந்தபின் முழு விளக்கையும் எறிய வேண்டியதாய் இருக்கும் வகையைத் தவிர்க்க வேண்டும். மறுபடி மின்னேற்றும் கட்டையையும் கடைக்கட்டையையும் ஒருங்கே ஏற்கும் விளக்கு இரண்டு உலகுக்கும் பொருந்தும்.

நான்காவது, உண்மை விலை என்ன என்பது. கணக்குக்காக ஒரு விளக்கு 100 ரூபாய், அதற்கு 6 மணி நேரத்துக்கு ஒருமுறை 30 ரூபாய்க்குக் கட்டை என்று வைத்துக்கொள்வோம். மற்றொரு விளக்கு, மின்னேற்றும் கட்டைகளோடும் ஏற்றும் கருவியோடும் சேர்த்து 700 ரூபாய் என்போம். ஆண்டுக்கு ஒரே முகாம், 6 மணி நேரம் எனின், ஐந்தாண்டுகளில் முதல் விளக்குக்கு ஆவது 250 ரூபாய்; அதுவே சிக்கனம். அதே விளக்கை வயலுக்கும் மின்தடை நேரத்துக்கும் ஆண்டுக்கு 60 மணி நேரம் பயன்படுத்தினால், ஐந்தாண்டுகளில் 1,600 ரூபாய் ஆகிவிடும். இரண்டாவதோ 700 ரூபாயிலேயே நிற்கும். அதற்கு மின்னேற்றும் செலவைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஒருமுறை ஏற்ற, இழப்போடு சேர்த்து 10 வாட்-மணி என்றால், ஒரே ஒரு யூனிட் மின்சாரத்தில் நூறு முறை ஏற்றலாம். மலிவான விளக்கு எது என்ற கேள்விக்கு எல்லோருக்கும் ஒரே விடை இல்லை. எவ்வளவு நேரம் எரிப்போம் என்பதைப் பொறுத்தே விடை மாறும்.

ஐந்தாவது, எப்படிப் பிடிப்பது என்பது. சமைக்கவும் கயிறு கட்டவும் இரு கைகளும் வேண்டும். 1914-ஆம் ஆண்டளவில் சுரங்கத் தொழிலாளரின் தொப்பியில் பொருத்தும் மின்விளக்கை எடிசன் செய்து கொடுத்தது இதற்காகவே. அதன் வழிவந்த தலைவிளக்கு இன்று மலிவாகவே கிடைக்கிறது. முகாமுக்கு ஒரே விளக்குத்தான் வாங்க முடியும் எனின், பலருக்குத் தலைவிளக்கே பொருந்தும். அதோடு, மழைச் சாரலைத் தாங்க ஐ.பி.எக்ஸ். 4 என்ற குறி போதும். ஓடையில் விழுந்தாலும் பிழைக்க வேண்டுமானால் ஐ.பி.எக்ஸ். 7 என்ற குறி வேண்டும். ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் கெடாது என்பது அதன் பொருள்.

வாங்கினால் மட்டும் போதாது, பேணவும் வேண்டும். பழைய கட்டையையும் புதிய கட்டையையும் கலந்து இடக்கூடாது. வலியது மெலியதைக் கசியச் செய்துவிடும். முகாம் முடிந்ததும் கட்டைகளை வெளியே எடுத்து வைக்க வேண்டும். காஸ்னரின் குவளை கரைகிறது என்பதை நினைவிற் கொள்க. பையில் கிடக்கும்போது விசை தானே அழுந்தி எரிந்து தீர்ந்துவிடாமல், ஒரு கட்டையைத் திருப்பிப் போட்டு வைப்பது நல்ல வழக்கம். புறப்படுவதற்கு முதல் நாள் இரவு, வீட்டு விளக்குகளை அணைத்துவிட்டு ஒரு மணி நேரம் எரித்துப் பாருங்கள். குறை இருந்தால் அது வீட்டிலேயே தெரியட்டும். காட்டில் தெரிய வேண்டாம்.

முகாமில் உறங்கும்போது விளக்கு கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். எழுந்ததும் முதலில் ஒளி, அதன் பிறகே கால். செருப்பை உதறிப் பார்த்து அணிய வேண்டும். நடக்கும்போது ஒளி தொலைவில் அலையாமல், இரண்டு மூன்று அடிக்கு முன்னே நிலத்தில் விழ வேண்டும். எதிரே வருபவர் கண்ணில் ஒளி பாய்ச்சாதிருப்பது பண்பாடு. காட்டு விலங்குகளின்மேல் பாய்ச்சி விளையாடாதிருப்பது அறம்.

நண்பர்களே, வோல்ட்டா முதல் நாகாமுரா வரை இருநூறு ஆண்டுகளாய்ப் பல நாட்டு அறிஞர் உழைத்த உழைப்பு, இன்று ஒரு மாணவன் சில நாட்கள் சேமித்த பணத்தில் அவன் உள்ளங்கைக்குள் அடங்குகிறது. அந்த உழைப்புக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை ஒன்று உண்டு. கடைக்குச் செல்லும்போது, ‘எது மிகப் பெரிய வெளிச்சம்?’ என்று கேட்பதை விட்டு, ‘எத்தனை மணி நேரம் எரியும்? எந்தக் கட்டை போட வேண்டும்? அந்தக் கட்டை எங்கே கிடைக்கும்?’ என்று கேளுங்கள். நடு இரவில், நோயுற்ற நண்பனைத் தாங்கிக்கொண்டு மலைப்பாதையில் இறங்க நேர்ந்தால், முதல் பத்து நிமிடம் கண்ணைப் பறித்த விளக்கு உதவாது. ஊர் வந்து சேரும் வரை எரியும் விளக்கே உதவும்.